களம்: மிட்னாப்பூர்க் காட்டில் கிடக்கும் சிமெண்டுத் தரைகள்

கரக்பூரிலிருந்து பாங்குராவுக்குப் போகிற ரயில் பாதையில், விஷ்ணுப்பூருக்கு முந்தி, பியார்டோபா என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. சுடுமண் கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் விஷ்ணுப்பூரில் இறங்குவார்கள். பியார்டோபாவில் இறங்க வெளியூர்க்காரருக்குக் காரணம் எதுவுமில்லை. செம்மண், சால் மரக் காடு, நடுநடுவே வயல். அந்தக் காட்டுக்குள் ஓர் ஓடுபாதையின் தடம் கிடக்கிறது. 7,500 அடி, அதாவது இரண்டேகால் கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டது. அதிலிருந்து கிளை பிரியும் பாதைகள். அந்தப் பாதைகளின் ஓரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளிக் கிடக்கிற கான்கிரீட் தரைகள். 1944-இல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் நின்ற இடங்கள் அவை. ஓடுபாதையைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது. போர் விமானப் பிரியர்கள் நீள அகலத்தோடு எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஓரத்தில் கிடக்கிற அந்தத் தரைகள்தான்.

அவை ஏன் அப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேணும். விமானங்களை வரிசையாக ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் எதிரியின் ஒரே தாக்குதலில் எல்லாம் போய்விடும். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததும் பிடிக்கும். ஆகவே இரண்டாம் உலகப்போரின் விமானத்தளம் என்பது சிதறடிப்பின் வடிவம். நடுவில் ஓடுபாதை, அதைச் சுற்றி வளையமாக ஒரு பாதை, அந்த வளையத்தில் பழம் தொங்குவதுபோல் அங்கங்கே தனித்தனி நிறுத்துதளம். பிரிட்டிஷ் விமானப்படை முதலில் போட்டது வட்டத் தரை, அதற்கு ஒரு குறுகிய இணைப்புப் பாதை. மேலிருந்து பார்க்க வாணலியும் கைப்பிடியும் மாதிரி இருக்கும். ‘வாணலி’ என்றே அதைக் கூப்பிட்டார்கள். பிறகு விமானம் திரும்பாமலே உள்ளே போய் வெளியே வருகிற மாதிரி மூக்குக்கண்ணாடி வளையம்போல் மாற்றினார்கள். இங்கிலாந்தில் அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சுப் படைக்கென அமைந்த ஒரு தளத்துக்கு இப்படி ஐம்பது நிறுத்துதளங்கள் என்பது பொதுவான கணக்கு. வங்காளத்துக்கு வந்த பி-29, இங்கிலாந்தில் நின்ற எந்த விமானத்தையும்விடப் பெரியது. சிறகின் முனைக்கு முனை 43 மீட்டர். முழுச் சுமையோடு அறுபது டன். செம்மண் அதைத் தாங்காது. ஆகவே கான்கிரீட்.

இங்கிலாந்தில் இந்தத் தரைகளுக்கு நேர்ந்தது வேறு கதை. லிங்கன்ஷயரிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் போர் முடிந்ததும் நிலம் விவசாயத்துக்குத் திரும்பியது. ஓடுபாதைகளைப் பெயர்த்துச் சாலைக்கு ஜல்லியாக விற்றார்கள். நார்ஃபோக்கில் ஆட்டில்பிரிட்ஜ் தளத்தின் ஓடுபாதையில் வான்கோழிப் பண்ணைக் கொட்டகைகள் எழுந்தன. வயலோரத்து நிறுத்துதளங்களில் தப்பியவை, சர்க்கரை எடுக்கிற பீட்டுக் கிழங்கைக் குவித்து லாரியில் ஏற்றத் தோதாக இருந்தபடியால் தப்பின. ஆனால் அங்கே நினைவு நிற்கிறது. கிராமத்து முக்கில் நினைவுக்கல், தளத்துக்கொரு சங்கம், அருங்காட்சியகம், வழிகாட்டிப் புத்தகம். ஜெர்மனியில் பிறந்து நார்விச்சில் வாழ்ந்து 2001-இல் இறந்த எழுத்தாளர் ஸெபால்ட் அந்தப் புல் மூடிய தளங்களைப் பார்த்துத்தான், இங்கிருந்து கிளம்பிய விமானங்கள் எரித்த நகரங்களைப் பற்றி ஜெர்மன் இலக்கியம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டார். அதாவது புறப்பட்ட இடத்துக்கு ஒரு நினைவு, விழுந்த இடத்துக்கு ஒரு மௌனம் என்பது அவருடைய பிரச்சினை. மிட்னாப்பூரில் பிரச்சினை இன்னும் ஒரு சுற்று சிக்கலானது. இங்கே புறப்பட்ட இடமே சாவு விழுந்த இடம்.

*

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாக்கலாம்.

1942 செப்டம்பர் 29: தம்லுக்கில் ஊர்வலத்தின் முன்னால் நடந்த மாதங்கினி ஹாஸ்ரா என்ற முதியவள் சுட்டுக் கொல்லப்படுகிறாள். அக்டோபர் 16: மிட்னாப்பூர்க் கடற்கரையில் புயல். மனிதர்கள் பதினாலாயிரம் பேருக்கு மேல், மாடுகள் லட்சக்கணக்கில் சாகின்றன. கலகம் செய்த மாவட்டம் என்பதால் நிவாரணத்தில் அரசு காட்டிய வன்மம் அன்றே பேசப்பட்டது. டிசம்பர் 17: தம்லுக்கில் தேசிய சர்க்கார் என்று ஒரு மாற்று அரசாங்கம் தொடங்கி 1944 வரை நடக்கிறது. அதே டிசம்பரில் கல்கத்தாவில் அரிசி மணங்கு 13, 14 ரூபாய். 1943 ஆகஸ்டில் 37 ரூபாய். நவம்பரில் சித்தப்பிரசாத் என்ற கம்யூனிஸ்ட் ஓவியர் மிட்னாப்பூரில் ஊர் ஊராக நடந்து, எலும்பாகிப்போன மனிதர்களைப் பெயரோடு வரைந்து ‘பசித்த வங்காளம்’ என்று சிறு புத்தகம் போடுகிறார். அரசு அதைப் பறித்து எரித்தது. மிஞ்சிய ஒற்றைப் பிரதியிலிருந்துதான் 2011-இல் மறுபதிப்பு வந்தது.

அதே 1943 நவம்பரில் அமெரிக்கப் பொறியாளர்கள் வந்து இறங்குகிறார்கள். கரக்பூர், கலைகுண்டா, தூத்குண்டி, பியார்டோபா, சக்குலியா ஆகிய ஐந்து தளங்களை பி-29-க்கு ஏற்றபடி பெருக்கும் வேலை. இவற்றில் முதல் மூன்று அன்றைய மிட்னாப்பூர் மாவட்டம், பியார்டோபா பாங்குரா, சக்குலியா சிங்பூம். அமெரிக்க விமானப்படையின் அதிகாரபூர்வ வரலாறு தருகிற கணக்கு, படையினர் சுமார் 6,000 பேர், இந்தியத் தொழிலாளர் சுமார் 27,000 பேர், செலவு ஏறத்தாழ இரண்டு கோடி டாலர். 1944 ஏப்ரல் 2-ஆம் தேதி முதல் பி-29 சக்குலியாவில் இறங்கியது. ஜூன் 5-இல் முதல் தாக்குதல், பாங்காக்கின் ரயில் பட்டறைகள்மேல். ஜூன் 15-இல் சீனத்துச் செங்டு வழியாக ஜப்பானின் யவாட்டா உருக்காலை.

இந்த இரண்டு பட்டியலும் ஒரே மாவட்டத்தில், ஒரே ரயில் பாதையின் ஓரத்தில், ஒரே மாதங்களில் நடந்தவை. ஆனால் ஒரே புத்தகத்தில் இவற்றைப் பார்ப்பது அபூர்வம். விமானப்படை வீரர் சங்க வெளியீடுகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் வெயில் வருகிறது, எஞ்சின் சூடேறித் தீப்பிடித்தது வருகிறது, பகலில் உலோகத்தைத் தொட்டால் கை பொத்துப்போகும் என்பதால் விடியலில் பழுதுபார்த்தது வருகிறது. புகைப்படங்களில் கூடையில் ஜல்லி சுமக்கிற பெண்களும் வருகிறார்கள். பெயர் கிடையாது, ‘உள்ளூர்க் கூலிகள்’, அவ்வளவுதான். பஞ்சத்தைப் பற்றிய எழுத்தை எடுத்தால் அங்கே அரிசி இருக்கு, படகு இருக்கு, பதுக்கல்காரன் இருக்கான், சர்ச்சில் இருக்கார். சிமெண்டு இல்லை. ராணுவச் செலவு என்று ஒரு வரி வரும். அந்தச் செலவு எந்த இடத்தில் போய் என்ன வடிவத்தில் உறைந்து கிடக்கிறது என்று காட்டமாட்டார்கள்.

*

இங்கே அவசரப்பட்டு ஒரு கதையைக் கட்டிவிடலாம். ‘அமெரிக்கன் விமானத்தளம் கட்டினான், அதனால் ஜனங்கள் செத்தார்கள்.’ மேடையில் கைதட்டு வாங்கும். ஆனால் சரியில்லை. பஞ்சச் சாவு உச்சத்தைத் தொட்டது 1943-இன் பிற்பகுதியில். பி-29 வேலை தொடங்கியபோது குளிர்கால நெல் அறுவடைக்கு நின்றது. காலக்கணக்கு நேர்க்கோட்டில் வராது. விஷயம் அதற்கும் முந்தி ஆரம்பிக்கிறது. பர்மா விழுந்தபின் 1942-இல் இந்தியா முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட விமானத்தளங்கள் கட்டத் திட்டம் போட்டார்கள். அதில் பெரும்பாரம் கிழக்கில் விழுந்தது. இந்த ஐந்து தளங்களும் அந்த முதல் அலையில், பி-24 விமானங்களுக்காக உருவானவையே. பி-29 அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்தது.

அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில் வங்கப் பஞ்சத்தை வளர்ச்சி வேகத்தில் வந்த பஞ்சம் என்ற பொருளில் விளக்கினார். ராணுவச் செலவும் கட்டுமானமும் ஒரு பகுதி மக்கள் கையில் பணத்தைக் கொட்டின. விலை ஏறியது. பணம் வந்தவன் அரிசியைத் தன் பக்கம் இழுத்தான். விவசாயக் கூலி, மீனவன், படகோட்டி, கைவினைஞன் ஆகியோரின் உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கும் அரிசி சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போனது. அவருடைய உணவு இருப்புக் கணக்கை மறுத்தவர்கள் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் கட்டுமானச் செலவு விலையை ஏற்றியது என்பதைப் பெரும்பாலும் யாரும் மறுக்கவில்லை. அப்படியானால் அந்தச் செலவின் பருப்பொருள் இதோ காட்டில் கிடக்கிறது. சென்னின் அட்டவணையில் எண்ணாக வருவது இங்கே கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரித் தரையாக இருக்கிறது.

இன்னொன்று. பஞ்சம் 1943-உடன் முடிந்ததாக நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். செத்தவர்களில் பாதிக்கு மேல் 1943-க்குப் பிறகு செத்தார்கள். மலேரியா, காலரா, அம்மை, எலும்பும் தோலுமாகிப்போன உடம்பில் வந்து ஒட்டிக்கொண்ட எல்லா நோயும். அதிகாரபூர்வ விசாரணைக் குழு மொத்தச் சாவை 15 லட்சம் என்றது. பிற்கால ஆய்வுகள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சத்துக்கு மேல்வரை போகின்றன. ஆக, கான்கிரீட் காய்ந்ததும், முதல் விமானம் இறங்கியதும், அந்தச் சாவு நடந்துகொண்டிருந்தபோதுதான். தளத்தில் வேலை கிடைத்தவன் பிழைத்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேணும். கூடை சுமந்த பெண்ணுக்கு அன்றன்றைக்குக் கிடைத்த காசு உயிர். கொல்கிற பொருளாதாரமும் பிழைக்க வைக்கிற கூலியும் ஒரே தரையில் கலந்திருக்கு. இதை நல்லது கெட்டது என்று பிரித்து அடுக்க முடியவில்லை என்பதாலேயே இரு தரப்பு வரலாறும் இதைத் தொடாமல் விலகிப்போகின்றன என்று நினைக்கிறேன்.

நிலத்தின் கதையும் உண்டு. ராணுவத் தேவைக்காக வங்காளத்தில் 30,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடும் நிலமும் விட்டுப் போக வேண்டியிருந்தது என்கிறது பஞ்ச விசாரணைக் குழுவின் 1945 அறிக்கை. நஷ்டஈடு கணக்கிடப்படுவது பட்டா நிலத்துக்கு. மிட்னாப்பூரின் மேற்கு, பாங்குராவின் தெற்கு, சிங்பூம் ஆகியவை சந்தால், லோதா, மகதோ மக்களின் மேட்டு நிலம். அங்கே சால் காடும் ‘டாங்கா’ எனப்படும் மேட்டாங்காடும் யார் பேரிலும் இல்லாதவை, எல்லாரும் பிழைக்கிறவை. மாடு மேய, இலை பறிக்க, இலுப்பைப் பூ பொறுக்க. வயல் பொய்க்கிற வருஷத்தில் கிழங்கும் பழமும் தேடி எல்லாரும் போகிற இடம் அதுதான். என் வாசிப்பில், தளம் போட ‘தரிசு’ என்று எழுதி எடுத்த நிலம் பலபேருக்குப் பஞ்சகாலத்துச் சோற்றுப்பானை. அறிக்கையின் 30,000 குடும்பத்தில் இவர்கள் வரமாட்டார்கள். அவர்களுக்கு இழப்பதற்குக் காகிதத்தில் எதுவும் இருக்கவில்லை.

போக்குவரத்து இல்லை என்ற வாதத்தையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேணும். தானியம் கேட்டபோதெல்லாம் கப்பல் இல்லை என்று லண்டன் சொன்னது. கேட்டதில் சிறுபகுதியே வந்தது. ஜப்பான்காரன் கைக்குப் போய்விடும் என்று கடற்கரை மாவட்டங்களில் பத்துப் பேர் ஏறக்கூடிய படகுகளை 1942-இலேயே பறித்தும் உடைத்தும் போட்டாயிற்று. அதனால் உள்ளூரிலும் அரிசி நகரவில்லை. ஆனால் கல்கத்தாவுக்குத் தெற்கே பட்ஜ்பட்ஜ் துறையிலிருந்து இந்தத் தளங்கள்வரை பெட்ரோலுக்குத் தனிக் குழாய்ப்பாதை போட்டார்கள். பெட்ரோல் குழாயில் வந்து விமானத்தில் ஏறி இமயத்தைத் தாண்டிச் செங்டு போனது. அங்கிருந்து ஒரு விமானம் ஒருமுறை ஜப்பானுக்குப் போய்வர, பல பறத்தல்களில் எண்ணெயைச் சுமந்து சேர்க்க வேண்டியிருந்தது. போக்குவரத்து இருந்தது. எதற்கு என்பதுதான் கேள்வி.

*

பால் விரிலியோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் அட்லாண்டிக் கரையில் ஜெர்மானியர் விட்டுப்போன பதுங்குக் கோட்டைகளை ஆண்டுக்கணக்கில் படம் பிடித்து 1975-இல் ‘பதுங்குக் கோட்டைத் தொல்லியல்’ என்று காட்சி வைத்தார், புத்தகமும் போட்டார். போரின் சிமெண்டைச் சிந்தனைக்குரிய பொருளாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. ஆனால் அவருடைய கோட்டைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு முகம் இருக்கிறது, கண் துளை இருக்கிறது. எதிரில் நின்று படம் எடுக்கலாம். நிறுத்துதளத்துக்குச் சுவரில்லை, கூரையில்லை. படுத்துக் கிடக்கிறது. அதன் வடிவம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் மேலே போக வேணும். விமானியின் கண், இன்றைக்குச் செயற்கைக்கோளின் கண். சிதறடிப்பு என்ற ஏற்பாடே மேலிருந்து பார்க்கிறவனை மனதில் வைத்து வரைந்தது. தரையில் நிற்கிற ஆளுக்கு அது வட்டமும் இல்லை, வளையமும் இல்லை. வெடிப்பில் புல் முளைத்த, நீரோட்டத்துக்குச் சற்றே சரிந்த, ஒரு நல்ல தரை.

நல்ல தரை என்றால் கிராமத்தான் என்ன செய்வான்? நாட்டில் கைவிடப்பட்ட எந்தச் சிமெண்டுப் பரப்புக்கும் நேர்வதுதான். நெல் காயப்போடுவான், வைக்கோல் உலர்த்துவான், மாட்டைக் கட்டுவான். தமிழில் அதற்குப் பெயர் களம். போர் நடக்கும் இடத்துக்கும் அதுவே பெயர். தொல்காப்பியம் வாகைத் திணையில் ஏரோர் களவழி என்றும் தேரோர் களவழி என்றும் இரண்டையும் பக்கத்தில் வைத்தது. புலவர்கள் போரைக் கதிரடிப்பாகப் பாடிப் பாடி ஒரு மரபையே உண்டாக்கினார்கள். பிணம் கதிர், யானை எருது. அந்த உவமையில் எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. அரசனுடைய கொலைக்கு உழவனுடைய உழைப்பின் மரியாதையை இரவல் வாங்கித் தருகிற வேலை அது. மிட்னாப்பூரில் உவமை தேவையில்லாமலே இரண்டு களமும் ஒரே தரையாகிக் கிடக்கிறது. அங்கே நெல் காய்கிறது. அந்தத் தரை போட்ட காலத்தில் அதே மாவட்டத்தில் நெல் இல்லை.

*

இந்தப் படையின் தலைமையகம் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. கரக்பூருக்குப் பக்கத்தில் ஹிஜ்லி. 1930-இல் அரசியல் கைதிகளுக்காகத் திறந்த தடுப்பு முகாம். 1931 செப்டம்பர் 16 அன்று போலீஸ் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்ற இரண்டு கைதிகள் உள்ளேயே செத்தார்கள். தாகூரும் சுபாஷ் போஸும் கண்டித்தார்கள். 1937-இல் மூடி, 1940-இல் திறந்து, 1942-இல் மறுபடி மூடினார்கள். பிறகு அதே கட்டிடத்தில் அமெரிக்காவின் 20-ஆம் குண்டுவீச்சுக் கட்டளையகம் உட்கார்ந்தது. 1944 ஆகஸ்ட் இறுதியில் கர்ட்டிஸ் லெமே பொறுப்பேற்றார். டிசம்பர் 18-இல் அவருடைய விமானங்கள் செங்டுவிலிருந்து போய்ச் சீனத்து ஹாங்கோ நகரத்தின்மேல் தீக்குண்டுகளைக் கொட்டின. அடுத்த மாதம் அவர் மரியானா தீவுகளுக்கு மாறிப்போனார். 1945 மார்ச்சில் டோக்கியோவை எரித்த தாக்குதலுக்கு ஹாங்கோ ஒத்திகை என்பது ராணுவ வரலாற்றாசிரியர்கள் பலரும் ஒப்புக்கொள்வது. 1951-இல் ஹிஜ்லிக் கட்டிடத்தில் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியது. சிறை, குண்டுவீச்சு அலுவலகம், தொழில்நுட்பக் கல்வி. ஃபூக்கோ படித்தவர்களுக்கு இதில் விளக்கம் வேண்டியிருக்காது. கட்டிடத்துக்குத் தியாகிகளின் நினைவுப் பெயர் உண்டு, அருங்காட்சியகம் உண்டு. 27,000 பேருக்கு எதுவும் இல்லை.

நம்முடைய மொழி பேசுகிற ஊர் ஒன்றும் இந்த வரைபடத்தில் இருக்கிறது. வங்காளத்திலிருந்து சுமத்திராவின் பலெம்பாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எட்டாத தூரம். இடையில் தங்க இடம் வேண்டுமென்று திருகோணமலைச் சீனன்குடாவை எடுத்தார்கள். ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டி, 56 பி-29 நிற்க நிறுத்துதளங்கள் போட்டார்கள். 1944 ஆகஸ்ட் 10 மாலை ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் அங்கிருந்து கிளம்பின. ஒரு பகுதி ஆலைமேல் குண்டு போட்டது, சில விமானங்கள் மூசி ஆற்றில் கண்ணிவெடி போட்டன. சேதம் சொற்பம். அந்த ஒரே இரவுக்குப் பிறகு பி-29 சீனன்குடாவிலிருந்து போருக்குக் கிளம்பவில்லை. இன்று அது இலங்கை விமானப்படைத் தளம். பக்கத்தில் உள்ள பிரிட்டிஷ் காலத்து எண்ணெய்க் குதங்கள் யாருக்கு என்று 2003-லிருந்து 2022 ஒப்பந்தம்வரை கொழும்பிலும் டெல்லியிலும் பேசினார்கள். போர்க்காலத் தேவை என்று எடுத்த நிலம் போர் முடிந்தபின் யாரிடம் போகிறது என்ற கேள்வி யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதில்லை. பலாலித் தளமும் அந்தப் போரில் பிரிட்டிஷார் போட்டதுதான். 1990-க்குப் பின் அதைச் சுற்றி ‘உயர் பாதுகாப்பு வலயம்’ விரிந்து எத்தனை கிராமங்களை விழுங்கியது என்பது ஊரறிந்தது.

ஐந்து வங்காளத் தளங்களும் இன்று ஒரே நிலையில் இல்லை. கலைகுண்டா இந்திய விமானப்படையின் பெரிய தளம். கரக்பூர்த் தளம் இருந்த சலுவாவில் கிழக்கு எல்லைத் துப்பாக்கிப் படையின் தலைமையகம். சக்குலியா ஜார்க்கண்டில், விமானம் வராத ஓடுபாதையோடு கிடக்கிறது. பியார்டோபா காட்டுக்குள். தூத்குண்டியை விமானப்படை குண்டு போட்டுப் பழகும் திடலாக வைத்திருக்கிறது. கலைகுண்டாவிலிருந்து கிளம்புகிற விமானம் சில நிமிஷத்தில் அங்கே வந்துவிடும். பயிற்சி இல்லாத நேரத்தில் சுற்றுக் கிராமத்து மாடுகள் மேய்கின்றன.